14 ஆண்டு பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தையல் யூனிட் தொடங்கலாமா?

நல்லூர்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஏற்றுமதி செய்யும் ஒரு பனியன் கம்பெனியில் கைமடியாக (டெய்லருக்கு உதவியாளாக) சேர்ந்து, ஓவர்லாக் மெஷின் டெய்லராகி, கடந்த ஆறு ஆண்டுகளாகத் தையல் பிரிவில் சூப்பர்வைசராக இருக்கிறேன். மொத்தம் 14 ஆண்டுகள் ஆகிவிட்டன. வயது 39. சம்பளம் மாதம் 32,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 18,000.

ஆறு ஓவர்லாக், நான்கு பேட்லாக், இரண்டு சிங்கர் என 12 தையல் மெஷின்களுடன், கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஒரு ஜாப் ஒர்க் யூனிட் தொடங்க விரும்புகிறேன். பழைய மெஷின்களுக்கு 3 லட்சம், கட்டட முன்பணத்துக்கு 1 லட்சம் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். கையிருப்பு 6 லட்சம். எந்த டெய்லரிடம் எந்த வேலையைக் கொடுத்தால் லைன் (தையல் வரிசை) தடையில்லாமல் ஓடும் என்பது எனக்குத் தெரியும். அந்த உழைப்பை என் குடும்பத்துக்காகச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் இரண்டு ஆண்டுகளாக மனத்தை விட்டு அகலவில்லை. இந்தப் பணம் போதுமா? என் லைனில் உள்ள ஐந்து டெய்லர்கள் உடன் வரத் தயாராக இருக்கிறார்கள். அவர்களை அழைத்துச் செல்வது முறையா?

பவர்டேபிள்காரர்

தம்பி, நான் 2012இல் வேலையை விட்டு எட்டு மெஷின்களுடன் தொடங்கியவன், இன்றும் நடத்திக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குத் தொழில் தெரியும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இத்தொழிலில் இறங்கியவர்களில் தையல் தெரியாமல் வீழ்ந்தவரை நான் பார்த்ததில்லை. சனிக்கிழமைதோறும் வாரச் சம்பளம் கொடுக்க முடியாமல் வீழ்ந்தவர்களையே பார்த்திருக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். 12 டெய்லர்கள், கைமடி, செக்கிங் எல்லாம் சேர்த்து 16 பேர். ஒருவருக்கு வாரம் சராசரியாக 3,500 என்றாலே 56,000 ஆகிவிடும். வாடகை, மின்கட்டணம், நூல், ஊசி ஆகியவற்றுக்கு வாரத்துக்கு 6,000 சேர்த்தால் 62,000. முதல் ஆர்டரைத் தைத்து, சரக்கை அனுப்பி, பில் போடுவதற்கே இரண்டு மூன்று வாரங்கள் போகும். அதன் பிறகு கம்பெனி பணம் தருவதற்கு எனக்குப் பெரும்பாலும் 60 நாட்கள் ஆகின்றன. ஆக, ஒரு ரூபாய் வரவில்லாமல் 11 சனிக்கிழமைகளை நீங்கள் கடக்க வேண்டும். அதற்குத் தேவை ஏறத்தாழ 6.8 லட்சம். உங்களிடம் மிஞ்சப்போவதோ 2 லட்சம். நான்காவது சனிக்கிழமை வட்டிக்குப் பணம் தேடுவீர்கள். அங்கே தொடங்கும் சிக்கல் எளிதில் தீராது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் இணையதளத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்ளுங்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாட்கள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் செலுத்தும் ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும் என்ற விதி வந்த பிறகு, மார்ச் மாதத்தில் பணம் கொஞ்சம் வேகமாக வருவதை நானே பார்க்கிறேன். ஆனாலும் அடுத்த ஆர்டர் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் நம்மில் பெரும்பாலோர் புகார் கொடுப்பதில்லை. எனவே சட்டத்தை நம்பி முதலீட்டைக் குறைத்துவிடாதீர்கள்.

டெய்லர்களை இப்போது அழைத்துச் செல்லாதீர்கள். உங்கள் முதல் ஆர்டர் பெரும்பாலும் பழைய கம்பெனியிலிருந்தோ, அந்த முதலாளிக்கு அறிமுகமானவரிடமிருந்தோதான் வரும். ஒரே நாளில் ஐந்து பேரை லைனிலிருந்து எடுத்தால் அவருடைய ஷிப்மென்ட் தவறும். 14 ஆண்டுகளாகச் சேர்த்த நல்ல பெயரும் அதோடு போகும். மேலும், வேலையில்லாத வாரத்தில் அந்த ஐந்து குடும்பங்களுக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஊத்துக்குளி ரோடு

நான் தொடங்கி, மூடிவிட்டு, மீண்டும் சூப்பர்வைசர் வேலைக்கே திரும்பியவன். 2023இல் பத்து மெஷின்களுடன் தொடங்கினேன். என் வேலை முழுவதும் அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்யும் ஒரே கம்பெனியிடமிருந்து வந்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது, அந்தக் கம்பெனி முதலில் வெளியே கொடுத்த வேலையைத்தான் நிறுத்தியது. தன் சொந்த லைன் காலியாக இருக்கும்போது யாரும் வெளியே வேலை கொடுக்க மாட்டார்கள். அதில் யார் மீதும் எனக்கு வருத்தமில்லை. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும் சிறு யூனிட்காரர்கள்தான் முதலில் அடிவாங்கினார்கள் என்று பெரியவர்கள் எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள், நான் கேட்கவில்லை. ஒரு ஏற்றுமதிக் கம்பெனியுடன், உள்நாட்டு வியாபாரம் செய்யும் ஒருவரையும் முதல் நாளிலிருந்தே பிடித்து வையுங்கள். உள்நாட்டு வேலையில் பீஸ் ரேட் குறைவு, ஆனால் ஏற்றுமதி வேலை குறையும் வேறு நேரத்தில் வரும்.

கணக்கெழுதும் அக்கா

சகோதரருக்கு வணக்கம். சிறு யூனிட்டுகளுக்குக் கணக்கு எழுதுபவள் என்ற முறையில், உங்கள் கேள்வியில் விடுபட்டதைச் சொல்கிறேன்.

உங்களுக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. 18,000 ரூபாயை 26ஆல் வகுத்து, 15ஆலும் பணிபுரிந்த 14 ஆண்டுகளாலும் பெருக்கினால் சுமார் 1,45,000 ரூபாய் வரும். நீங்களாகவே வேலையை விட்டாலும் இது உங்கள் உரிமை, எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். வருங்கால வைப்பு நிதியைத் தயவுசெய்து மெஷின் வாங்குவதற்காக எடுக்காதீர்கள். விட்டுவைத்தாலும் வட்டி சேர்ந்துகொண்டே இருக்கும். பிடித்தம் தொடங்கிப் பத்து ஆண்டுகளைக் கடந்துவிட்டிருந்தால் 58 வயதில் ஓய்வூதியமும் உண்டு.

பத்துப் பேரை வேலைக்கு வைத்தாலே தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. பதிவு கட்டாயம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம். ஜாப் ஒர்க் என்பது சேவை என்பதால், ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். நீங்கள் சொல்லும் 12 மெஷின்களுக்குக் கூலி மட்டுமே ஆண்டுக்கு 29 லட்சம் ஆகும் என்பதால், முதல் ஆண்டிலேயே அந்த வரம்பைக் கடந்துவிடுவீர்கள்.

கடன் வாங்குவதாக இருந்தால் மாவட்டத் தொழில் மையத்தில் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் பற்றிக் கேளுங்கள். பெண்கள் சிறப்புப் பிரிவில் வருவதால், உங்கள் மனைவி உண்மையாகவே தொழிலில் ஈடுபடுவாரானால் அவர் பெயரில் விண்ணப்பிக்கலாம்: நகரத்தில் 25 சதவீதமும் கிராமத்தில் 35 சதவீதமும் மானியம் உண்டு. புதிய தொழிலுக்கு மட்டுமே கிடைக்கும் என்பதால், முதலில் யூனிட்டைத் தொடங்கிவிட்டுப் பிறகு போய் நிற்காதீர்கள்.

நல்லூர்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு மனைவியும் நானும் உட்கார்ந்து திரும்பவும் கணக்குப் போட்டோம். ஆறு மெஷின், எட்டுப் பேர் என்றால் வாரச் செலவு 32,000. 11 சனிக்கிழமைகளுக்கு 3,52,000. மெஷினுக்கு 1.5 லட்சமும் முன்பணத்துக்கு 60,000மும் போக, கையில் 3.9 லட்சம் இருக்கும். பணிக்கொடையை வீட்டுச் செலவுக்கென்று தனியாக வைத்துவிடலாம் என்று மனைவி சொல்கிறார்; மூத்த மகள் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு என்பதால் அவருக்கு அந்தக் கவலை இருக்கிறது. டெய்லர்களிடம் இப்போது வர வேண்டாம் என்று இன்று காலையிலேயே சொல்லிவிட்டேன். ஒரு சந்தேகம் மட்டும் மீதமிருக்கிறது: முதலாளியிடம் எப்போது சொல்வது?

பவர்டேபிள்காரர்

இப்போது ஓடும் ஆர்டரின் ஷிப்மென்ட் போன மறுநாள் சொல்லுங்கள், தம்பி. உங்கள் இடத்துக்கு ஒருவரைப் பழக்கிவிட்டுப் போவதற்கு ஒரு மாத அவகாசம் தருவதாக நீங்களே முன்வந்து சொல்லுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். என் முதல் 4,000 பீஸ் அந்தக் கம்பெனியிலிருந்துதான் வந்தது.