பூட்டிக் கிடக்கும் கிராமத்து வீடு: இப்போதே கொடுத்துவிடலாமா, பொறுத்திருக்கலாமா?

தாழ்வாரம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா கட்டிய வீடு. அவர் போய் 2 வருடம் ஆகிறது. அம்மாவை என்னோடு அழைத்து வந்து 14 மாதம். அன்றிலிருந்து வீடு பூட்டித்தான் கிடக்கிறது. நான் இருக்கும் இடத்திலிருந்து போக 4 மணி நேரம், வர 4 மணி நேரம். அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறார்.

விற்பதாகச் சொல்லி 9 மாதம் ஆயிற்று. வந்து பார்த்தவர்கள் மொத்தம் 3 பேர். முதலில் வந்தவர் கிணற்றில் கல்லைப் போட்டுச் சத்தம் கேட்டுப் பார்த்துவிட்டுப் போனார், அப்புறம் பேச்சே இல்லை. இரண்டாவது வந்தவர் நிஜமாகவே வாங்க வந்தவர். மனைவியையும் கூட்டி வந்து, ஒவ்வொரு ஜன்னலையும் திறந்து மூடிப் பார்த்தார். நாங்கள் கேட்ட விலை 100 என்று வைத்துக்கொண்டால், அவர் சொன்னது 82. விற்பதாகச் சொல்லி இரண்டாவது மாதம்தான் அப்போது. இன்னும் ஆள் வருவார்கள் என்று நினைத்து விட்டுவிட்டோம். அதற்குப் பிறகு இத்தனை மாதத்தில் ஒரே ஒருவர் வந்தார், அவரும் வாசலோடு திரும்பிவிட்டார். சுற்று வட்டாரத்தில் விற்பதற்கு நிற்கும் வீடு இன்னும் 4 இருக்கிறது. ஒன்றும் அசையவில்லை.

போன மாதம் போயிருந்தேன். சாவி உள்ளே போகவில்லை. துரு என்று நினைத்து எண்ணெய் விட்டேன், இல்லை. குனிந்து பார்த்தால் சாவித் துவாரத்தை ஒரு குளவி மண்ணால் அடைத்துக் கூடு கட்டியிருக்கிறது. விளிம்புவரை மெழுகி வைத்தது போல அவ்வளவு சுத்தமாக அடைத்திருந்தது. கொண்டை ஊசியால் சுரண்டிச் சுரண்டி அரை மணி நேரம். என் வீட்டு வாசலில் நானே திருடியைப் போல உட்கார்ந்திருந்தேன். சுரண்டும்போது உள்ளே சின்னச் சின்னப் புழுக்கள் இருந்தன. அதற்கு அது வீடு.

உள்ளே போனால் உள் அறையின் மேல்தளத்தில் ஒரு பழுப்புக் கறை, தட்டு அளவுக்கு. அதற்கு முந்தைய முறை போனபோது அது இல்லை. அலமாரியைத் திறந்தால் ஓத வாடை. மோட்டார் சுவிட்சைப் போட்டால் உறுமுகிறது, சுற்றவில்லை. சுவிட்ச் பலகையில் எந்த சுவிட்ச் எதற்கு என்று அப்பா தன் கையெழுத்தில் சின்னத் தாள் ஒட்டி வைத்திருப்பார். 'பின்வாசல்' என்ற தாள் மட்டும் உதிர்ந்து கீழே கிடந்தது. அதை எடுத்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

அண்ணன் சொல்வது: "இப்போது விற்றால் நஷ்டம், விலை ஏறும், பொறு." அவர் சொல்வதில் தப்பில்லை. ஆனால் வரி, மின்கட்டணம், வாரம் ஒருமுறை வாசல் பெருக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கூலி, என் போக்குவரத்து எல்லாம் கூட்டிப் பார்த்தேன். அந்த 100-இல் வருடத்துக்கு 3 போகிறது, கூரை வேலை சேர்க்காமல். அம்மா ஒரு நாள் "வித்துடுடி" என்கிறார், மறுநாள் "ஒரு மாசம் போய் இருந்துட்டு வரணும்" என்கிறார்.

விலையைக் குறைத்துத் தள்ளிவிடுவதா? வாடகைக்கு விட்டுக் காத்திருப்பதா? இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

வடக்குவெளி:

நான் கடந்து வந்தவன், அதனால் சொல்கிறேன். எங்களுக்கு மூன்றரை வருடம் ஆனது. முதல் ஆறு மாதத்தில் வந்த விலையை மறுத்தோம். அப்புறம் 100-ஐ 97 ஆக்கினோம், 95 ஆக்கினோம், 92 ஆக்கினோம். ஒவ்வொரு முறையும் சந்தை எங்களுக்கு ஒரு படி கீழேதான் நின்றது. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்ததில் இன்னொரு தீங்கும் நடந்தது. "ரொம்ப நாளாக நிற்கிற வீடு, ஏதோ வில்லங்கம் இருக்கு" என்று பேச்சு வந்துவிட்டது. வீட்டில் ஒரு குறையும் கிடையாது. கடைசியில் கொடுத்தது, முதலில் மறுத்த விலைக்கும் கீழே.

குறைப்பதாக இருந்தால் ஒரே தடவையாக, கண்ணுக்குத் தெரியும்படி குறையுங்கள் தங்கச்சி. அதற்கு முன்னால் அந்தக் கூரைக் கறையைப் பாருங்கள், அதைத் தள்ளிப் போடாதீர்கள். பெரும்பாலும் சருகு அடைத்துத் தண்ணீர் தேங்கி உள்ளே இறங்கியிருக்கும். சருகை அள்ளுவது அரை நாள் வேலை. விட்டால் மரச்சட்டம் உளுத்துப் போகும், பிறகு கூரையையே பிரிக்க வேண்டும். வாங்க வருபவர் அண்ணாந்து பார்க்கும் முதல் இடமும் அதுதான்.

கணக்கு நோட்டு:

உங்கள் எண்களையே வைத்துப் போட்டுப் பார்த்தேன். வந்த விலை 82. அந்தப் பணம் வருடத்துக்கு 6 சதவீதம் ஈட்டும் என்று வைத்துக்கொள்வோம். 2 வருடத்தில் அது சுமார் 92, 3 வருடத்தில் சுமார் 97 அரை. இந்தப் பக்கம், காத்திருந்து 100-க்கே விற்றாலும் வருடத்துக்கு 3 செலவு போனால் 2 வருடத்தில் கையில் நிற்பது 94, 3 வருடத்தில் 91. அதாவது 2 வருடத்துக்குள் கேட்ட விலை முழுசாகக் கிடைத்தால் பொறுத்தது லாபம். அதைத் தாண்டினால் நஷ்டம், கூரைச் செலவைச் சேர்க்காமலே. உங்கள் 6 சதவீதம் வேறாக இருந்தால் கணக்கும் மாறும், அதை மட்டும் மாற்றிப் போடுங்கள். அண்ணனிடம் கேட்க வேண்டியது "விலை ஏறுமா" என்பது இல்லை. "2 வருடத்துக்குள் 100 கொடுக்க ஆள் வருவாரா" என்று கேளுங்கள். 9 மாதத்தில் 3 பேர்தான் வந்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பாஸ்டன் நகர மையத்தில் 1990-களில் நடந்த அடுக்குமாடி வீட்டு விற்பனைகளை டேவிட் ஜெனசோவ், கிறிஸ்டோஃபர் மேயர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து 2001-இல் வெளியிட்டார்கள். வாங்கிய விலைக்குக் கீழே விற்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள், மற்றவர்களைவிடக் கூடுதலாக விலை சொன்னார்கள். கொஞ்சம் கூடுதலாகவும் கிடைத்தது. ஆனால் அவர்கள் வீடு விற்க அதிக காலம் எடுத்தது. அது நகரம். அங்கே வாங்குபவர் வந்துகொண்டே இருப்பார், காத்திருப்பதில் அர்த்தம் உண்டு. கிராமத்தில் ஒரு வீட்டுக்கு வருடத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். அந்த ஒருவர் போனால் அடுத்தவர் எப்போது வருவார் என்று யாராலும் சொல்ல முடியாது.

நடுமுற்றம்:

எனக்கு வேறு அபிப்பிராயம். கணக்கு சரி, ஆனால் இதில் "பூட்டிய வீடு", "விற்ற வீடு" என்று இரண்டுதான் இருக்கிறது. ஆள் இருக்கும் வீடு என்று மூன்றாவதும் உண்டு.

எங்கள் வீட்டைக் குறைந்த வாடகைக்கு ஒரு குடும்பத்துக்கு விட்டோம். வாடகை என்று பார்த்தால் வரியும் சின்னப் பழுதுகளும்தான் அதில் அடங்கும். ஆனால் தினமும் ஜன்னல் திறக்கிறது, அடுப்பு எரிகிறது, குழாயில் தண்ணீர் ஓடுகிறது. ஆள் இல்லாத வீட்டில் குளியலறைச் சாக்கடைக் குழாயின் வளைவில் நிற்கும் தண்ணீர் வற்றிவிடும். அந்தத் தண்ணீர்தான் நாற்றத்தையும் பூச்சியையும் தடுப்பது. வற்றினால் இரண்டும் உள்ளே ஏறும். மோட்டாரும் ஓடாமல் கிடந்தால் இறுகிப் போகும், உங்களுக்கு நடந்ததே அதுதான். காப்பீடு எடுத்திருந்தால் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். வீடு தொடர்ந்து 30 நாளோ 60 நாளோ காலியாக இருந்தால் சில சேதங்களுக்குப் பணம் கிடையாது என்று பல காப்பீடுகளில் இருக்கும்.

விடுவதென்றால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எத்தனை மாதம், காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு, வீடு பார்க்க ஆள் வந்தால் காட்ட வேண்டும் என்பது. தெரிந்தவர்தானே என்று வாய்ப்பேச்சாக விட்டால், விற்கும் நேரத்தில் மனக்கசப்பு வரும். குடியிருக்க வீடு தேடுபவருக்கு, உள்ளே ஆள் இருப்பது தயக்கம் தரும் என்பதும் உண்மை. அதை மறைக்கவில்லை.

தாழ்வாரம்:

எல்லோருக்கும் நன்றி. வடக்குவெளி அண்ணா, உங்கள் 97, 95, 92 படித்ததும் வயிறு கலங்கியது. நாங்கள் போன வாரம்தான் 97 ஆக்கலாம் என்று பேசினோம்.

கணக்கை அண்ணனுக்கு அனுப்பினேன். ஒரு நாள் பதிலே இல்லை. அப்புறம் கூப்பிட்டார். "2 வருஷத்துல ஆள் வருவாங்கன்னு என்னால சொல்ல முடியலை" என்றார். அதோடு, "அது போயிட்டா எனக்குத் திரும்பி வர்றதுக்கு இடம் இல்லடி" என்றும் சொன்னார். இதை அவர் இதுவரை சொன்னதே இல்லை. இவ்வளவு நாளும் நாங்கள் விலையைப் பற்றி மட்டும்தான் சண்டை போட்டிருக்கிறோம்.

கல்தூண்:

தாழ்வாரம் அம்மா, இது நல்ல இடம். அண்ணனிடம் நேராகக் கேளுங்கள்: வருடத்துக்கு எத்தனை நாள் வந்து இருப்பார்? செலவில் பாதியை ஏற்பாரா? ஏற்பார் என்றால் வைத்திருப்பதும் ஒரு முடிவுதான், அதில் குற்ற உணர்வு வேண்டாம். வீடு பிடித்திருக்கிறது என்பதே வைத்திருக்கப் போதுமான காரணம், பணம் கொடுக்கவும் வேலை செய்யவும் ஆள் இருக்கும்வரை. இப்போது வேலை முழுக்க உங்கள் தலையில், ஆசை அவர் மனதில். அதுதான் சரிசெய்ய வேண்டியது.

நான் பத்திர வேலை செய்பவன். விற்பதோ வைப்பதோ, காகிதத்தை இப்போதே சீர் செய்யுங்கள். கிராமத்து வீடு கடைசி நேரத்தில் நின்றுபோவது பெரும்பாலும் விலையால் இல்லை. பெயர் இன்னும் இறந்தவர் பேரிலேயே இருக்கும், வாரிசு ஒருவரின் கையெழுத்து கிடைக்காது. எல்லை காகிதத்தில் ஒன்று, வேலி ஒன்று. தெருவுக்குப் போகும் பாதை அடுத்தவர் நிலத்தில் இருக்கும், எழுத்தில் இருக்காது. கிணறு பொதுவா தனியா என்று கேட்டால் பதில் இருக்காது. அண்ணன் வெளிநாட்டில் என்றால் அவர் கையெழுத்துக்கு அதிகாரப் பத்திரம் தேவைப்படும், அதற்கே மாதக்கணக்கில் ஆகலாம். அரிதாக வரும் அந்த ஒருவர் அதுவரை காத்திருக்க மாட்டார்.

தாழ்வாரம்:

முடிவு என்று சொல்ல முடியாது, ஆனால் வேலை ஆரம்பித்துவிட்டது.

அண்ணனிடம் கேட்டேன். வருடத்துக்கு 10 நாள்தான் வர முடியும் என்று அவரே சொன்னார். செலவில் பாதி தருகிறேன், ஆனால் அடுத்த வருடம் இதே மாதம்வரைதான் என்றார். அதுவரை வீட்டை நன்றாக வைத்திருக்கிறோம். விலையை 97 ஆக்கவில்லை, ஒரேயடியாக 87 ஆக்கிவிட்டோம். 82 சொன்னவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் வேறு வீடு வாங்கிவிட்டார். நல்ல மனிதர், தன் தம்பி தேடுவதாகச் சொல்லி நம்பர் கொடுத்தார். பேசியிருக்கிறேன், இன்னும் வரவில்லை.

கூரையில் சருகுதான் அண்ணா, இரண்டு சாக்கு அள்ளினார்கள். பத்திரம் இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. அதற்கு அடுத்த வாரம் போகிறேன். வாடகைக்கு இப்போதைக்கு விடவில்லை, ஏனென்றால் அம்மா அங்கே போய் இருக்கிறார். ஒரு மாதம். பக்கத்து வீட்டு அக்கா இரவில் துணைக்குப் படுத்துக்கொள்கிறார். அம்மா தினமும் சாயங்காலம் போன் செய்து, இன்று எந்த ஜன்னல் திறக்க மறுத்தது என்று சொல்கிறார். 'பின்வாசல்' தாளை அம்மாவிடமே கொடுத்தனுப்பினேன், பசை தடவி ஒட்டிவிட்டாராம்.