ஆன்லைன் பிசியோ: போன்ல மூஞ்சி தெரியுது, குதிகால் தெரியலையே?

பள்ளத்தூர் அம்மா:
எம் மகனுக்கு ஆறு வயசு, குறைமாசத்துல பிறந்தவன். செரிப்ரல் பால்சி, அதான் மூளை வாதம். ரெண்டு காலும் விறைப்பு. சீட்டுல அதைத்தான் ‘ஸ்பாஸ்டிக் டைப்ளீஜியா’னு எழுதி, எவ்வளவு நடமாட முடியும்ங்கிற அளவை ‘ஜிஎம்எஃப்சிஎஸ் 3’னு போட்டிருக்காக. வாக்கர் பிடிச்சு நடப்பான். மதுரைக்குப் போயி பிசியோ பாத்தா ஒரு நாள் முழுக்கப் போயிருது, இவுக சம்பளமும் போயிருது. அதனால நாலு மாசமா வாரம் ரெண்டு நாள் போன்லயே பயிற்சி.

நாங்க ஒரு செட்டியார் வீட்டுக்குக் காவல் இருக்கோம். வளவுக்குள்ள, அதான் உள்கட்டுல, சிக்னல் ஒரு புள்ளி வராது, சுவரு அப்படி. முகப்புத் திண்ணைதான் எங்க கிளினிக்கு. தூண்ல போனைச் சாத்தி வப்பேன். வீடு பாக்க வந்த டூரிஸ்ட் ஒருத்தர் இவனையும் போட்டோ எடுக்கப் பாத்தாரு, அது வேற கதை.

முக்காலியில இருந்து எந்திரிச்சு நிக்கணும், பத்துத் தடவை. போன்ல பிசியோ மேடம் “சூப்பர்டா தங்கம்”ங்கிறாக. எந்திரிக்கிறது அவன் இல்ல, அக்குளுக்குக் கீழ நான் குடுத்திருக்கிற கை. அது போன்ல தெரியாது. சொல்ல வெக்கமா இருக்கு. நாலு மாசமும் வீணா? மறுபடி மதுரை பஸ்ஸுதானா?

தேவகோட்டை பிசியோ:
வீணெல்லாம் இல்லக்கா. முதல்ல கை விஷயத்தை அந்த மேடம்கிட்ட சொல்லிடுங்க. போனை எதிர்ல வைக்காதீங்க. பக்கவாட்டுல, அவன் முட்டி உயரத்துல, ஆறேழு அடி தள்ளி வைங்க. குதிகால் பதியுதா, தூக்குதானு அப்பத்தான் தெரியும்.

முக்காலி மேல மனைப்பலகை போட்டு உயரத்தைக் கூட்டுங்க. உயரம் கூடினா எந்திரிக்கிறது லேசு. பலகை ஆடாம பாத்துக்கங்க. அக்குளை விட்டுட்டு இடுப்பைப் பிடிங்க. மூக்கு பாதத்துக்கு மேல வர்ற வரைக்கும் அவன் குனியட்டும், அவசரப்படாதீங்க. அவனா எந்திரிக்கிற ரெண்டு தடவை, நீங்க தூக்கி விடுற பத்தை விட மேல்.

ஆனா விறைப்பு எவ்வளவுனு தொட்டுப் பாத்தாத்தான் தெரியும். இந்தப் பிள்ளைங்களுக்கு இடுப்பு மூட்டு கொஞ்சங் கொஞ்சமா விலகலாம், ஆரம்பத்துல வலிகூட இல்லாம இருக்கலாம். எக்ஸ்ரேதான் காட்டும். ஆறு மாசமோ ஒரு வருஷமோ, டாக்டர் சொல்ற கணக்குல எடுக்கணும். அதுக்கு பஸ் ஏறித்தான் ஆகணும். உங்க வட்டார வள மையத்துல (பள்ளிக் கல்வித் துறையோடது) பிசியோ எந்த நாள் வர்றாங்கனும் கேட்டு வைங்க.

புதுவயல் அப்பா:
எங்க பாப்பாவுக்குப் பதினொண்ணு. உங்க வீட்டுலயும் தரைக்குப் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல்லுத்தானே? கணுக்காலுக்கு மாட்டுற பிளாஸ்டிக் ஸ்ப்ளிண்ட்டோட வெறுமனே நடக்க விட்டுடாதீங்க, அந்த வழவழப்புல பிளாஸ்டிக் சர்ருனு வழுக்கும். எங்க பாப்பா கூடத்துல விழுந்து உதடு கிழிஞ்சுச்சு. மேல ஷூ போட்டு விடுங்க. அந்தக் கல்லே பெரிய உபகாரமும்தான்: “ஒரு பூவுக்கு ஒரு கால்”னு சொன்னா எண்ணிக்கிட்டே நடக்குறா. போன்ல சொல்றப்ப இதே நடைக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவா.

யுடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டை இருந்தா மத்திய அரசோட நிராமயா மருத்துவக் காப்பீடு போட்டுருங்க. வருஷம் 1 லட்சம் ரூபாய் வரைக்கும், தெரபி செலவுக்கும் அதுல ஒரு பங்கு உண்டு.

பள்ளத்தூர் அம்மா:
ரெண்டு பேருக்கும் நன்றிங்க. மனை ரெண்டு அடுக்கி வச்சேன். குனிய மாட்டேன்னான். அவுக அப்பத்தா சுட்ட வெள்ளைப் பணியாரத்தை எதிர்ல நீட்டினதும் தலை தானா முன்னாடி வந்துச்சு. ரெண்டு தடவை அவனாவே எந்திரிச்சான். மூணாவதுக்கு உக்காந்து பணியாரத்தைத் தின்னுட்டான்.

மேடம்கிட்ட சொல்லிட்டேன். சிரிச்சாக. “அவன் எந்திரிக்கிறப்பல்லாம் வளையல் சத்தம் கேக்குதேனு நானும் யோசிச்சேன்”னாக.

வீட்டுக்குள்ள ஷூவானு அப்பத்தா ஒரே சண்டை. வெளிய போடாத புது ஷூனு சொல்லி வச்சிருக்கேன். ஸ்ப்ளிண்ட்டுக்கு மேலன்னா எத்தனை சைஸ் கூட வாங்கணும்?

புதுவயல் அப்பா:
எங்களுக்கு ரெண்டு சைஸ் கூட எடுத்தோம். ஸ்ப்ளிண்ட்டைக் கையோட கொண்டுபோயி கடையிலயே மாட்டிப் பாருங்க. லேஸ் வேணாம், ஒட்டுப்பட்டை வச்சது வாங்குங்க.