லண்டன் போக ஃபார்மில் ஹோட்டல் புக்கிங் எண் கேட்கிறது, அவசரம், உதவுங்கள்

வைகைக்கரை | 6 செப்டம்பர் 2021, இரவு 11.40
எல்லாருக்கும் வணக்கம். எம்எஸ்சி படிக்க இங்கிலாந்து கிளம்புகிறேன், 16-ஆம் தேதி ஃப்ளைட். கொரோனா விதிப்படி, போய் இறங்கியதும் ஹாஸ்டல் அறையிலேயே 10 நாள் தனிமையில் இருந்தால் போதும் என்று யுனிவர்சிட்டி மெயில் அனுப்பியிருக்கிறது. ஆனால் பாசஞ்சர் லொக்கேட்டர் ஃபார்மை (இங்கிலாந்துக்குள் வருகிறவர்கள் ஆன்லைனில் பயண விவரம் தரும் படிவம்) இப்போதே நிரப்பிப் பார்த்தால், தனிமைக்கு அரசு ஏற்பாடு செய்த ஹோட்டலின் புக்கிங் எண்ணைக் கேட்கிறது. அது இல்லாமல் அடுத்த பக்கம் போகவில்லை. யுனிவர்சிட்டிக்கு எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. யாருக்காவது இப்படி வந்ததா?

முத்துநகர் | இரவு 11.58
விவரம் போதவில்லையே. எந்த ஊர் யுனிவர்சிட்டி? தடுப்பூசி போட்டாச்சா? எது, எத்தனை டோஸ்?

வைகைக்கரை | 7 செப்டம்பர், நள்ளிரவு 12.05
மான்செஸ்டர். கோவிஷீல்டு இரண்டு டோஸும் ஆயிற்று.

கோட்டைமேடு | நள்ளிரவு 12.20
இரண்டு டோஸுக்கும் நடுவே எத்தனை நாள்? வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் 84 நாள் காத்திருக்க வேண்டாம், 28 நாள் கழித்தே போடலாம் என்று ஜூனில் நம் அரசு சொன்னதல்லவா? அந்த 28 நாளை அவர்கள் ஏற்கவில்லை போல. அதனால்தான் ஹோட்டல் கேட்கிறது.

பழையபயணி | காலை 6.10
84, 28 எதுவும் இதில் வராது. இந்தியாவில் போட்ட எந்த ஊசியையும் அவர்கள் இப்போது கணக்கில் எடுப்பதில்லை. போட்டவர், போடாதவர் இருவருக்கும் ஒரே விதிதான். விதியை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டுக் கேள்வி கேட்டால் எல்லாருக்கும் நேரம் மிச்சம். கொரோனா ஆபத்தை வைத்து இங்கிலாந்து நாடுகளைப் பிரித்திருக்கிறதே, அதில் ஆகஸ்ட் 8-ஆம் தேதியே இந்தியா சிவப்புப் பட்டியலிலிருந்து (அரசு ஹோட்டலில் தனிமை) ஆம்பருக்கு (தங்கும் இடத்திலேயே தனிமை) வந்துவிட்டது. ஆம்பருக்கு ஹோட்டல் கிடையாது. தம்பி ஃபார்மில் நாட்டைத் தவறாகத் தேர்ந்திருப்பார்.

வைகைக்கரை | காலை 7.02
தம்பி இல்லை, தங்கை. இந்தியா என்றுதான் போட்டேன் அண்ணா. மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

கோட்டைமேடு | காலை 7.30
ஊசியைக் கணக்கில் எடுக்காதது அநியாயம் இல்லையா? கோவிஷீல்டு என்பது ஆக்ஸ்ஃபோர்டு ஆஸ்ட்ராஜெனிகா ஊசிதான். புனேயில் செய்து அந்த நாட்டுக்கே 50 லட்சம் டோஸ் அனுப்பினோம். அங்கே கையில் ஏற்றினால் விலக்கு, இங்கே ஏற்றினால் 10 நாள் அடைப்பா?

பழையபயணி | காலை 7.41
ஊசியில் சந்தேகம் இல்லை. சான்றிதழை எப்படிச் சரிபார்ப்பது என்பதுதான் அவர்களுக்குப் பிரச்சினை. கோவின் (நம் அரசின் தடுப்பூசித் தளம்) சான்றிதழில் பிறந்த தேதி கிடையாது, வயதுதான் இருக்கிறது. எல்லா நாட்டுக்காரனும் அதை எப்படி ஏற்பான்?

கோட்டைமேடு | காலை 7.50
அதற்காக கியூஆர் கோடு வைத்திருக்கிறார்களே! ஸ்கேன் செய்தால் தெரிந்துவிடும். மனம் இருந்தால் வழி இருக்கும்.

முத்துநகர் | காலை 8.05
இந்தச் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். தங்கைக்கு இன்னும் 9 நாள்தான் இருக்கிறது. அம்மா, உங்கள் ஃப்ளைட் நேரடியா? நடுவில் எங்கே இறங்கி மாறுகிறீர்கள்?

வைகைக்கரை | காலை 9.15
சென்னை – கொழும்பு – லண்டன். கொழும்பில் 3 மணி நேரம்தான். ஏர்போர்ட்டை விட்டு வெளியே வர மாட்டேன். ஏஜென்ட் அதுதான் விலை குறைவு என்றார்.

லீட்ஸ்வாசி | காலை 9.32
இதுதான் விஷயம். இலங்கை இன்னும் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. வருவதற்கு முந்தைய 10 நாளில் சிவப்பு நாட்டில் கால் வைத்தாலே போதும், விமானம் மாற மட்டும் இறங்கினாலும் கணக்குதான். ஃபார்ம் கேட்டது சரி. அப்படியே வந்தால் ஹோட்டலுக்கு 2,285 பவுண்டு, நம் பணத்தில் இரண்டே கால் லட்சத்துக்கு மேல். போன மாதம் 12-ஆம் தேதிக்கு முன் 1,750 ஆக இருந்தது.

உடனே டிக்கெட்டை மாற்றச் சொல்லுங்கள். நேராக வாருங்கள், அல்லது தோஹா, துபாய் வழி. இந்தியாவோடு சேர்த்து அந்த இரண்டு நாடுகளும் ஆம்பருக்கு வந்தன. அப்புறம், வந்த பிறகு இரண்டாம் நாள், எட்டாம் நாள் நீங்களே எடுக்க வேண்டிய பிசிஆர் (கொரோனா டெஸ்ட்) பொட்டலத்துக்கு முன்பே பணம் கட்டி வையுங்கள். அதன் எண்ணைத்தான் ஃபார்மில் போட வேண்டும். ஃபார்மை இறங்குவதற்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள்தான் அனுப்ப முடியும். வந்து இறங்கும் நாள் பூஜ்யம், மறுநாள்தான் ஒன்று. இதில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள்.

நான் போன மாதக் கடைசியில்தான் வந்தேன். கதவுக்கு வெளியே பொட்டலத்தை வைத்துவிட்டுத் தட்டிவிட்டுப் போவார்கள். கண்ணாடி முன் நின்று குச்சியைத் தொண்டையில் விட்டு, அப்புறம் மூக்கில் விட்டு, குழாயில் போட்டு மூட வேண்டும். நான் முதல் தடவை பட்டைக்கோடு ஸ்டிக்கரைக் குழாயில் ஒட்ட மறந்துவிட்டேன், மறுபடி அனுப்ப வேண்டியதாயிற்று. தனிமையில் இருக்கிறீர்களா என்று பார்க்கத் தினமும் போன் வரும், தெரியாத எண் என்று எடுக்காமல் விட்டுவிடாதீர்கள். பையில் ஒரு சின்ன ரைஸ் குக்கர், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி. அந்தப் பத்து நாள் என்னைத் தாங்கியது அதுதான்.

முத்துநகர் | காலை 10.10
இன்னொன்று. கிளம்பும் முன் இங்கே எடுக்கும் கொரோனா டெஸ்ட். 16 வியாழன் என்றால் திங்கள், செவ்வாய், புதன் மூன்றில் ஒரு நாள் எடுங்கள். நம் ஊர் லேபில் பெயரை இனிஷியலோடு அடித்துக் கொடுப்பார்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்து இருக்கும். சாம்பிள் கொடுக்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டி, அதில் உள்ளபடியே அடிக்கச் சொல்லுங்கள். என் அக்கா மகனுக்கு இந்த ஒரு எழுத்தால் செக்-இன் கவுன்டரில் ஒன்றரை மணி நேரம் போயிற்று. ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழையபயணி | காலை 10.25
கொழும்பு வழி என்று முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் இரண்டு வரியில் முடிந்திருக்கும்.

லீட்ஸ்வாசி | காலை 10.31
வழியில் மாறுவது ஒரு விஷயம் என்றே புதிதாகப் போகிறவர்களுக்குத் தெரியாது. ஏஜென்ட்தான் சொல்லியிருக்க வேண்டும்.

கோட்டைமேடு | காலை 11.00
ஐந்தாம் நாள் தனியாக டெஸ்ட் எடுத்து நெகட்டிவ் என்றால் வெளியே வரலாம் என்கிறார்களே, உண்மையா?

லீட்ஸ்வாசி | காலை 11.20
உண்மை, இங்கிலாந்தில் மட்டும். ஸ்காட்லாந்தில் கிடையாது. தனியாகக் காசு கட்ட வேண்டும், எட்டாம் நாள் டெஸ்டையும் விட முடியாது.

வைகைக்கரை | 9 செப்டம்பர், மாலை 6.45
தோஹா வழி மாற்றியாச்சு, 18,500 ரூபாய் கூடுதல். ஃபார்ம் ஹோட்டல் எண் கேட்கவில்லை. அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் கை நடுங்கியது, லோன் போட்டுத்தான் அனுப்புகிறார். எல்லாருக்கும் நன்றி. லீட்ஸ் அண்ணா, ரைஸ் குக்கர் வாங்கிவிட்டேன்.

புதுவரவு21 | 10 செப்டம்பர், காலை 8.20
இதே இழையில் கேட்கிறேன். எனக்கு 18-ஆம் தேதி, மஸ்கட் வழி. அதுவும் பிரச்சினையா?

முத்துநகர் | காலை 8.34
ஓமனும் சிவப்புதான். இன்றே ஏஜென்ட்டைப் பிடியுங்கள்.