மூன்றாவது சிலிண்டரில் மட்டும் தீராத மிஸ்ஃபயர்: பிளக், காயில் மாற்றியும் பயனில்லை

கேள்வி: பெருந்துறைக்காரன்

அனைவருக்கும் வணக்கம். நான்கு மாதங்களுக்கு முன்பு திருப்பூரில் ஒருவரிடமிருந்து 2012ஆம் ஆண்டு மாடல், 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினேன். மீட்டரில் 81,000 கிலோமீட்டர் இருந்தது. காலை ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தபோது, சாவியைத் திருகியதும் இன்ஜின் சத்தமே இல்லாமல் சீராக ஓடியது. அதில் மயங்கித்தான் வாங்கினேன் என்று சொல்ல வேண்டும்.

இன்றும் காலையில் எந்தக் குறையும் தெரிவதில்லை. பதினைந்து கிலோமீட்டர் ஓடி நன்றாகச் சூடேறிய பிறகு சிக்னலில் நின்றால் மிஸ்ஸிங் அடிக்கிறது (ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக வெடிக்காமல் தவறுகிறது), கியர் லிவர் நடுங்குகிறது. 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் போனால் அவ்வளவாகத் தெரிவதில்லை. சென்ற மாதம் குன்னூர் போகும்போது கல்லாறு தாண்டிய ஏற்றத்தில் இழுவை குறைந்தது. பர்லியாறில் இன்ஜினை அணைக்காமல் நிறுத்தியிருந்தபோது, டேஷ்போர்டின் மேல் வைத்திருந்த ஐந்து ரூபாய்க் காசு தானாகவே ஓரத்துக்கு நகர்ந்து கீழே விழுந்தது. அப்போதிருந்து செக் இன்ஜின் விளக்கும் அவ்வப்போது மினுக்குகிறது.

ஸ்கேனரில் வருவது பி0303 என்ற ஒரே கோடு (பழுதுக் குறியீடு), அதாவது மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர். நான்கு பிளக்குகளும், மூன்றாவது சிலிண்டருக்குப் புதிய காயிலும் (பிளக்கில் பொறி வர மின்சாரம் தரும் பாகம்) போட்டு, த்ராட்டில் பாடியையும் சுத்தம் செய்தாயிற்று. 11,400 ரூபாய் செலவாகியும் குறை அப்படியே இருக்கிறது. பட்டறையில் கேட்டால், "பழைய வண்டின்னா கொஞ்சம் மிஸ்ஸிங் இருக்கத்தானுங்க செய்யும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்து எதைப் பார்ப்பது?

பதில் 1: நொய்யல்கரை

இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். உங்கள் வண்டி அதற்கு முந்தைய காலத்தது. டேங்கைக் காலி செய்து, எரிபொருள் வடிகட்டியை மாற்றிப் பாருங்கள். என் வண்டியில் பாதிக் குறை அதிலேயே தீர்ந்தது.

பதில் 2: கோபி பட்டறை

தம்பி, முதலில் ஒன்று: விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு வந்து சேரலாம், மினுக்கினால் ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் (புகையைச் சுத்தமாக்கும் பாகம்) எரியும்; உள்ளிருக்கும் பீங்கான் உருகிவிட்டால், அதை மாற்ற ஆகும் செலவு இப்போதைய செலவைச் சிறியதாக்கிவிடும்.

நொய்யல்கரை நண்பர் சொன்ன எரிபொருள் குறையைத் தள்ளிவிட முடியாது. ஆனால் நான்கு சிலிண்டர்களும் ஒரே டேங்கிலிருந்துதான் குடிக்கின்றன. பெட்ரோல்தான் காரணமென்றால் கோடு இன்று ஒன்றிலும் நாளை நான்கிலும் வரும், அல்லது பொதுவாக பி0300 என்று வரும். மூன்றையே விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதால் குறை அந்தச் சிலிண்டருக்கே உரியது.

கோடு சொல்வது எந்தச் சிலிண்டர் என்பதை மட்டுமே. காரணத்தை அது சொல்லாது. 750 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 375 முறை வெடிக்க வேண்டும். ஒரு வெடிப்பு தவறினால் கிராங்க் (இன்ஜினின் சுழல்தண்டு) ஒரு கணம் மந்தமாகும், அந்த மந்தத்தைத்தான் கிராங்க் சென்சார் கண்டுபிடிக்கிறது. பொறி, பெட்ரோல், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் அமுக்கும் அழுத்தம்) ஆகிய மூன்றில் எது குறைந்தாலும் கோடு ஒன்றேதான். உங்கள் பட்டறையில் பொறியை மட்டும் பார்த்து, அதுவும் பாகம் வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். மூன்றாவது காயிலைக் கழற்றி ஒன்றாவதில் மாட்டி, ஒன்றாவதை மூன்றில் மாட்டி ஓட்டியிருந்தால் ஒரு பைசா செலவில்லாமல் தெரிந்திருக்கும்: கோடு பி0301க்கு நகர்ந்தால் காயில் கெட்டது, நகராவிட்டால் காயிலில் குறையில்லை. இன்ஜெக்டரையும் (பெட்ரோலைத் தெளிக்கும் பாகம்) இதே போல இடம் மாற்றலாம். ஓ-ரிங்கை மட்டும் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டிலும் நகரவில்லையென்றால் கம்ப்ரஷன் பாருங்கள். பெட்ரோல் பம்பின் ஃபியூஸையும் காயில் இணைப்புகளையும் எடுத்துவிட்டு, நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். குளிர்ந்த நிலையில் ஒரு முறையும், குறை வரும் சூட்டில் ஒரு முறையும் எடுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்த்து, அளவு நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

நீங்கள் எழுதியதில் என்னை உறுத்துவது அந்தச் "சத்தமே இல்லாமல்" என்ற சொல். ஹைட்ராலிக் டேப்பெட் (வால்வு இடைவெளியை ஆயில் அழுத்தத்தால் தானே சரிசெய்யும் பாகம்) இல்லாத இன்ஜினில் டேப்பெட் சத்தம் லேசாகக் கேட்க வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வு (புகை வெளியேறும் வால்வு) உட்காரும் சீட் தேயத் தேய வால்வு மேலே ஏறும், இடைவெளி குறையும், சத்தமும் குறையும். வாங்குகிறவர் அதை இன்ஜினின் நலம் என்று எடுத்துக்கொள்வார். சூடேறி வால்வு நீண்டதும் மூட முடியாமல் நிற்கும். ஐடிலில் கம்ப்ரஷன் கசியும். வேகமாகச் சுழன்றால் கசிய நேரமில்லாததால் தெரியாது. உங்கள் வண்டி அப்படியே செய்கிறது.

இந்தத் தேய்மானத்தை நான் அதிகம் பார்த்தது கேஸில் ஓடிய வண்டிகளில். கேஸ் மாட்டிக் கழற்றிய தடயம் இருக்கிறதா என்று டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிப் பாருங்கள், இன்டேக் மேனிஃபோல்டையும் (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்கள்) பாருங்கள்.

பெருந்துறைக்காரன்

அண்ணா, நீங்கள் சொன்ன வரிசையிலேயே பார்த்தேன். காயிலையும் இன்ஜெக்டரையும் இடம் மாற்றியும் பி0303 நகரவில்லை. சூட்டில் எடுத்த கம்ப்ரஷன் வரிசையாக 165, 170, 95, 160 பிஎஸ்ஐ. ஆயில் விட்ட பிறகு மூன்றாவது 100 மட்டுமே. குளிர்ந்த நிலையில் அதே சிலிண்டர் 140 காட்டியது.

ஸ்டெப்னிக்குக் கீழே நான்கு போல்ட் ஓட்டைகள் ரப்பர் மூடி போட்டு அடைக்கப்பட்டிருக்கின்றன. மேனிஃபோல்டின் ஒவ்வொரு குழாயிலும் ஒரு திருகு இருக்கிறது; சுற்றிலும் எம்-சீல் பூசியிருக்கிறார்கள். ஆர்.சி.யில் எரிபொருள் பெட்ரோல் என்று மட்டுமே உள்ளது. விற்றவரிடம் கேட்டதற்கு, தான் வாங்கியபோதே அப்படித்தான் இருந்தது என்கிறார். ஹெட்டை (வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல்பகுதி) இறக்கித்தான் ஆக வேண்டுமா?

பதில் 3: ஈரோடு லேத்

கேஸ் மாட்டியதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்யாமலேயே ஓட்டியிருக்கிறார்கள். ஆர்.சி.யில் ஏறாதபடியால் மொபைல் செயலியில் தேடினாலும் தெரியாது. ஸ்டெப்னியைத் தூக்கினால்தான் தெரியும்.

ஹெட்டை இறக்கும் முன் இரண்டு வேலைகள் இருக்கின்றன. இன்ஜின் முற்றிலும் ஆறிய பிறகு வால்வு கவரைக் கழற்றி, ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) எட்டு எக்ஸாஸ்ட் வால்வுகளின் இடைவெளியையும் அளந்து கையேட்டோடு ஒப்பிடுங்கள். பிறகு மூன்றாவது பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்று ஏற்றிக் காது கொடுத்துக் கேளுங்கள். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, த்ராட்டிலில் சீறினால் இன்டேக் வால்வு, ஆயில் மூடியில் என்றால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட்.

இடைவெளி மட்டும் குறைந்து வால்வு கருகாமல் இருந்தால் டேப்பெட் செட்டிங் போதும். ஆனால் 140க்கு மேல் ஏறாததைப் பார்த்தால் ஓரம் கருகியிருக்கும் என்றே நினைக்கிறேன். ஹெட்டை இறக்கினால் மூன்றாவதோடு நிறுத்தாமல் எல்லா எக்ஸாஸ்ட் சீட்டுகளையும் வால்வு கைடுகளையும் பார்த்துவிடுங்கள். மற்ற மூன்றும் அதே கேஸில்தான் ஓடியிருக்கின்றன.

பெருந்துறைக்காரன்

ஹெட் வேலை முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. காற்று சைலன்சரில்தான் சீறியது. மூன்றாவது சிலிண்டரின் ஒரு எக்ஸாஸ்ட் வால்வில் 0.05 மி.மீ. தகடுகூட நுழையவில்லை. கழற்றிப் பார்த்தபோது வால்வின் விளிம்பில் நகக்கண் அளவுக்குக் கருகி அரிக்கப்பட்டிருந்தது. எட்டு எக்ஸாஸ்ட் வால்வுகளையும் புதிதாகப் போட்டு, சீட் வெட்டி, கேஸ்கெட்டும் ஹெட் போல்ட்டுகளும் மாற்றினோம். கன்வெர்ட்டர் தப்பித்தது. இப்போது நான்கு சிலிண்டர்களும் 170ஐ ஒட்டி நிற்கின்றன. டேப்பெட் சத்தமும் லேசாகக் கேட்கிறது. பத்தாயிரம் கிலோமீட்டர் ஆனதும் இடைவெளியை மறுபடி அளக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

நேற்று குன்னூர் போய் வந்தேன்; பர்லியாறில் காசு வைத்த இடத்திலேயே இருந்தது. முதலில் கழற்றிய பழைய காயில் பழுதில்லாததுதான். அதை ஸ்டெப்னிக்குக் கீழே, அந்த ஓட்டைகளின் பக்கத்திலேயே போட்டு வைத்திருக்கிறேன்.