லீஃப் ஸ்பிரிங் ஏவுகருவி: அதே இழுவிசை, எறிமுனை வேகம் மட்டும் மாறுகிறது

கேள்வி:
வால்மீனில் குத்தி மாதிரி எடுக்கும் ஹார்பூனுக்கான (கயிறு கட்டிய எறியீட்டி) தரைச்சோதனைக் கருவி இது, வில் போல இழுத்து விடுவது. நாசா கோடார்ட் மையம் 2011-இல் காட்டியதைப் போன்றதே: லாரி லீஃப் ஸ்பிரிங் (அடுக்குப் பட்டை வில்) இரண்டு, அரை அங்குல ஸ்டீல் கயிறு, அதை இழுக்க மின் வின்ச், கீழே மணல் ட்ரம். எறிமுனை 1.2 கிலோ. லோடு செல்லில் (இழுவிசை அளவி) 4,000 நியூட்டன் வைத்து விடுகிறோம். வேகம் வினாடிக்கு 26 முதல் 29 மீட்டர் வரை அலைகிறது. மணலில் இறங்கும் ஆழமோ 18 முதல் 31 செ.மீ. சில நேரம் வின்ச் 4,400 வரை ஏறிவிடும், தளர்த்தி 4,000-க்குக் கொண்டுவருவோம். பட்டைகளுக்கு நடுவே செந்துரு உதிர்கிறது. வேகம் ஏன் மாறுகிறது?

பதில் 1:
காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். பட்டைகளுக்கிடையே உராய்வு இருப்பதால், 4,400-இலிருந்து தளர்த்தும்போது விசை இறங்கும், வளைவு அவ்வளவாக இறங்காது. லோடு செல் 4,000 காட்டினாலும் வில் அதிகமாக வளைந்தே நிற்கிறது. 29 வந்தவை அந்த ஏவல்களா என்று பதிவில் பாருங்கள். பட்டைகளைப் பிரித்து, கம்பி பிரஷால் துருவை எடுத்து, கிராஃபைட் கிரீஸ் மெல்லப் பூசுங்கள். விசையை வைத்து நிறுத்தாதீர்கள், இழுப்பு நீளத்துக்கு ஒரு ஸ்டாப்பர் வையுங்கள். தாண்டிவிட்டால் முழுவதும் தளர்த்தி முதலிலிருந்து இழுங்கள். எறிமுனை இல்லாமல் வெறுமனே விடவே கூடாது, கயிறு அறுந்து ஆளை அடிக்கும்.

கேள்வி கேட்டவர்:
பார்த்தேன், 29 எல்லாம் தளர்த்திய ஏவல்கள்தான். ஸ்டாப்பர் வைத்தபின் 27.6 முதல் 28.1. ஆழம் இன்னும் 20 முதல் 28.

பதில் 2:
அது மணலின் வேலை. குத்திய இடத்தைச் சுற்றி மணல் இறுகிவிடும், மேலே சமப்படுத்தினால் போதாது. ஒவ்வொரு முறையும் ட்ரம்மைக் கொட்டி, சல்லடை வழியே ஒரே உயரத்திலிருந்து நிரப்பி எடை போடுங்கள். எறிமுனை சாய்ந்து இறங்குகிறதா என்று இரண்டு கேமராக்களை ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் வைத்துப் பார்ப்பதும் அவசியம்.

பதில் 3:
பின்னுதைப்பையும் இப்போதே அளந்துவிடுங்கள். 1.2 கிலோ, 28 மீட்டர் வேகம் என்றால் உந்தம் ஏறக்குறைய 34 நியூட்டன் வினாடி. ஜப்பானின் ஹயபுசா 2 விண்கலம் ரியுகு சிறுகோளில் சுட்ட டாண்டலம் உலோகக் குண்டு வெறும் 5 கிராம், வேகம் 300 மீட்டர்: 1.5தான். உங்கள் எறிமுனை 500 கிலோ விண்கலத்தை வினாடிக்கு சுமார் 7 செ.மீ. வேகத்தில் பின்தள்ளும். மாதிரிக்குப்பியை இழுக்கும் கயிற்றின் நீளத்தை அதை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.