வான் பந்தலுக்குக் கீழே எதை விரிப்பது? திருகோணமலைக் கரையில் பட்டறிந்தவை

உப்புவெளியான்:
அண்ணனும் நானும் ஒரு பழைய டொல்பின் வானுக்குள் படுக்கை, அடுப்பு எல்லாம் போட்டு வாடகைக்கு விடுகிறோம். இடது பக்கத்தில் இழுத்து விரிக்கும் பந்தல் இருக்கிறது. வெளிநாட்டில் காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டிகளுக்கு, கரவன்களுக்குப் பூட்டுவார்களே, அந்த வகைதான். இரண்டரை மீற்றர் வெளியே வரும், நீளம் மூன்று மீற்றர். பந்தலால் ஒரு தொல்லையும் இல்லை. கீழே எதை விரிப்பது என்பதில்தான் வருகிறவர்கள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

வானோடு சேர்ந்து வந்தது ஒரு நீலத் தறப்பாள். மழைக்கு மேலே கட்ட அருமையான சாமான், தரைக்குச் சரிவராது. காலில் ஒட்டி வரும் மணல் அதன் மேலேயே தங்கிவிடுகிறது, கூட்டக் கூட்டத் தீராது. ஆவணி வெயிலில் ஓரத்தில் கால் வைக்க முடியாது. இரவில் மடித்தால் அடிப்பக்கம் வியர்த்து ஈரமாக இருக்கும்.

கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம், பிள்ளைகள் விளையாடுவதற்கென்று ஒன்றோடொன்று கொளுவும் நுரைத் தட்டுகளைக் கொண்டு வந்தது. உட்காரச் சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் பல்லுக்குள் மணல் போய்விட்டால் கொளுவாது. கதிரைக் கால் பட்ட இடமெல்லாம் குழி. மூன்று மணிக்குக் கச்சான் காற்று அடித்தபோது நாலைந்து தட்டுகள் கழன்று கடலுக்கே போய்விட்டன. அவர்கள் சிரித்துக்கொண்டு நீந்திப் போய்ப் பொறுக்கினார்கள், அது வேறு கதை. நீங்கள் எல்லாம் எதைப் பாவிக்கிறீர்கள்?

பாலையூற்றுப் பெடியன்:
அண்ணா, நான் இப்போது இங்கிலாந்தில். இங்கே நாங்களும் சின்னக் கரவன் ஒன்று வைத்திருக்கிறோம், கோடையில் வேல்ஸ் பக்கம் போவோம். இந்த நாட்டில் தங்குமிடம் பெரும்பாலும் புல்தரை. காற்றுப் போகாத தறப்பாளை நாலு நாள் விரித்தால் கீழே புல் மஞ்சளாகிச் செத்துவிடும். அதனால் பல இடங்களில் காற்றுப் போகும் விரிப்பு மட்டும்தான் போடலாம் என்று சட்டமே வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் அதையும் இடைக்கிடை தூக்கிப் புல்லை ஆறவிடச் சொல்வார்கள்.

அந்த விரிப்பு நூல் வலைக்கு மேலே பிவிசி நுரை பூசியது. கண் கண்ணாக ஓட்டை இருக்கும், தண்ணீர் கீழே இறங்கிவிடும், வழுக்காது. இங்கே பயப்படுவது பனியீரத்துக்கும் நிலத்திலிருந்து ஏறும் குளிருக்கும். ஆட்கள் அதற்கு மேலே கம்பளமும் போடுவார்கள், கரவனில் ஏற்றக்கூடிய பாரத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டு.

போன முறை ஊருக்கு வரும்போது ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்தேன். விமானத்தில் அனுமதிக்கிற நிறையில் நல்ல பங்கை அதுவே தின்றுவிட்டது, அம்மாவுக்கு வாங்கிய சாமான் பாதி இங்கேயே நின்றுபோனது. கன்னியாப் பக்கம் தெரிந்தவர் வளவில் புல்லுக்கு மேல் விரித்தோம், பிரமாதம். நிலாவெளி மணலில் விரித்தபோது கதை மாறியது. மெல்லிய மணல் நுரைக் கண்ணுக்குள் இறுகி உட்கார்ந்துகொண்டது. உதறினாலும் விழவில்லை, வாளித் தண்ணீர் ஊற்றி அலசித்தான் எடுத்தேன். பாரமானது என்பதால் காற்றுக்கு எழும்பவில்லை, அது ஒரு நன்மை. ஆனாலும் அது புல்லுக்குச் செய்த சாமான். கடற்கரைக்காக இங்கிருந்து காவிக்கொண்டு வர வேண்டாம் என்பதுதான் என் முடிவு.

சாம்பல்தீவு அக்கா:
தம்பிமார், மணலோடு சண்டை பிடித்து வெல்ல ஏலாது. அது விழுகிற வழியை விட்டுக் கொடுங்கள், வேலை முடிந்தது.

நாங்கள் கரையில் வாடி போட்டு இருக்கிற ஆட்கள். வெளிநாட்டில் இருந்து சொந்தக்காரர் ஆடி, ஆவணியில் வருவார்கள், அந்த நேரம் வாடிக்கு முன்னால் பந்தல் இழுத்துக் கட்டுவோம். கீழே போடுவது தோட்டக்காரர் பாவிக்கிற நிழல் வலை. ஹார்ட்வெயார் கடையில் மீற்றர் கணக்கில் வெட்டித் தருவார்கள். காலில் வந்த மணல் நடக்க நடக்கக் கண்ணுக்குள்ளால் தானே கீழே இறங்கிவிடும், கூட்டுமாறு எடுக்கத் தேவையில்லை. மழைத் தூறல் விழுந்தாலும் தேங்காது. சுருட்டினால் ஒரு கைக்குள் அடங்கும்.

அதற்கு மேலே உட்காருகிற இடத்துக்கு மட்டும் பாய். முழுவதற்கும் பாய் போடாதீர்கள். பன்பாய் என்றால் உடம்புக்குக் குளிர்ச்சி, ஆனால் நனையவிடக் கூடாது, பூஞ்சணம் பிடித்துவிடும். கடையில் விற்கிற பிளாஸ்டிக் பாய் நனைந்தாலும் உதறிக் காயப்போடலாம். வெயிலில் கிடந்தால் மட்டும் உக்கித் துகள் துகளாய் உதிரும், அந்தத் துகள் எல்லாம் மணலுக்குள்தான் போகும். மீன் பிடிக்கிற ஆட்களுக்கு அது பிடிக்காது. ஆகவே மாலையில் எடுத்து உள்ளே வையுங்கள்.

வான் வாசலில் தும்புக் கால்மிதி ஒன்று, பக்கத்தில் ஒரு பேசினில் தண்ணீர். காலை நனைத்து மிதியில் துடைத்துவிட்டு ஏறச் சொல்லுங்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு, நாள் முழுக்கத் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொன்று. அடம்பன் கொடி படர்ந்த இடத்துக்கு மேலே எதையும் விரிக்காதீர்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பதே அந்தக் கொடிதான். அந்தத் தம்பி சொன்ன புல்லின் கதைதான் இதற்கும், தறப்பாளுக்குக் கீழே நாலு நாள் கிடந்தால் இலை அவிந்துவிடும். இராவணன் மீசைப் புல் நிற்கிற பக்கமும் போகாதீர்கள், அது வேறு காரணம்: எந்த விரிப்பையும் குத்திக்கொண்டு மேலே வரும்.

புல்மோட்டை:
எங்கள் பக்கம் இல்மனைட் என்கிற கனிமம் கலந்த கறுப்பு மணல். மத்தியானத்தில் நிழல் வலைக்கு மேலேயும் சுடும் அக்கா. செருப்பில்லாமல் நிற்க முடியாது.

சாம்பல்தீவு அக்கா:
அங்கே காலையிலேயே பந்தலைக் கட்டிவிட வேண்டும், வெயில் ஏற முந்தி. சூடேறிய மணலுக்கு மேலே எதைப் போட்டும் பயனில்லை. இரண்டு வாளி கடல் தண்ணீர் தெளித்துவிட்டு விரித்தால் கொஞ்ச நேரத்துக்குத் தாங்கும்.

கந்தளாய் ட்ரைவர்:
விரிப்பைப் பற்றியே எல்லாரும் கதைக்கிறீர்கள், வானை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துவது என்று ஒருவரும் சொல்லவில்லை. பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். நம்முடைய கடற்கரை கிழக்குப் பார்த்தது. பின்னேர வெயில் தரைப் பக்கத்தால் வரும், கச்சானும் அதே பக்கத்தால்தான் அடிக்கும். பந்தல் இடது பக்கத்தில் என்றால் வானின் மூக்கைத் தெற்கே வைத்து நிறுத்துங்கள். பந்தல் கடலைப் பார்க்கும். வானின் உடம்பே வெயிலையும் காற்றையும் மறைத்துவிடும். பின்னேரம் முழுக்க வானின் நிழல் விரிப்புக்கு மேலே விழும். வடக்கே பார்த்து நிறுத்தினவர்களின் பாய் பறந்ததை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்.

மணலுக்கு நிழல் வலை சரி. ஆனால் கார்த்திகை, மார்கழியில் வாடை மழை பிடித்த பிறகு எங்கள் பக்கம் குளக்கரையில் நிறுத்தினால் சேறு. வலை சேற்றுக்குள் அமிழ்ந்துவிடும். அதற்கு ஓட்டை போட்ட கட்டிப் பிளாஸ்டிக் தட்டுகள்தான், ஒன்றோடொன்று பூட்டுவது. தண்ணீர் அடியால் ஓடும், கால் நனையாது. பாரம் கூட, விலையும் கூட. மணலில் போட்டால் ஒரு பக்கம் தாழும், ஆகவே கரைக்கு வேண்டாம். சிலர் சாமான் அடுக்குகிற மரப் பலட்டைப் போடுகிறார்கள். ஆணி இருக்கிறதா என்று பாருங்கள், தூக்கும்போது தட்டிவிட்டுத் தூக்குங்கள், தேள் இருக்கும்.

சமைக்கிற இடத்தில் மட்டும் எந்த விரிப்பும் வேண்டாம். நுரை, பிளாஸ்டிக், வலை எல்லாமே நெருப்புக்கு உருகுகிற சாதி. அந்த மூலையை வெறும் மணலாகவே விடுங்கள்.

உப்புவெளியான்:
தெற்கே மூக்கு! அண்ணனிடம் சொன்னேன், "இவ்வளவு நாளும் யாரும் சொல்லவில்லையே" என்கிறார். நிழல் வலை வாங்கப் போகிறோம். ஆனால் அதை எதால் இறுக்குவது? பந்தலோடு தந்த இரும்பு முளை மணலில் நிற்காது, ஒரு இழுவையில் வந்துவிடும்.

சாம்பல்தீவு அக்கா:
முளையை மறந்துவிடுங்கள். வெறும் உரப்பைக்குள் பாதிக்கு மணலை நிரப்பி வாயைக் கட்டி, வலையின் மூலைக் கயிற்றை அதில் முடிந்து, முழங்கை ஆழத்துக்குக் கிடங்கு தோண்டிப் புதையுங்கள். பந்தல் கயிற்றுக்கும் அதே வேலைதான், கிடங்கு இன்னும் ஆழம். போகும்போது பையைக் கிளறி எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள் உங்கள் ஆட்களிடம். இரவில் வலைக்குக் கீழே சுரண்டுகிற சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம், நண்டு வளை தோண்டுகிறது.

பாலையூற்றுப் பெடியன்:
அளவிலும் ஒரு விஷயம் அண்ணா. பந்தல் அளவுக்கே வெட்ட வேண்டாம், நாலு பக்கமும் ஒரு சாண் உள்ளே இருக்கட்டும். கூரை ஓரத்தால் வழிகிற தண்ணீர் விரிப்பில் விழாது. இங்கே கடையில் விற்கிறதும் அப்படித்தான், கொஞ்சம் சிறிதாகவே இருக்கும்.

உப்புவெளியான்:
கடையில் கேட்டேன். வெயிலை மறைக்கிற அளவைப் பொறுத்து 50 வீதம், 75 வீதம் என்று இரண்டு வகை நிழல் வலை இருக்கிறதாம். அடர்த்தியானது கூடக் காலம் பாவிக்கும் என்கிறார் கடைக்காரர். எதை எடுக்க?

சாம்பல்தீவு அக்கா:
50. அடர்த்தியானதில் மணல் இறங்காது, பிறகு நீலத் தறப்பாள்தான்.