காயிதே மில்லத் தொடர்பாக இன்றும் மனத்தை விட்டு அகலாத உங்கள் அனுபவம் எது?

திருவல்லிக்கேணி வாசி:
1972 ஏப்ரலில் முஸ்லிம் லீக் தலைவர் காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப் மறைந்தபோது எனக்கு ஒன்பது வயது. வாலாஜா பள்ளிவாசலில் அடக்கம் செய்வதற்காக ஜனாஸாவை, அதாவது அவரது உடலை, கொண்டுவந்த கூட்டத்தில் அப்பா என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்றார். நாங்கள் முஸ்லிம்கள் அல்லர். அப்பா எந்தக் கட்சியிலும் இருந்தவரும் அல்லர். ஜனாஸா நெருங்கியதும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கொதிக்கும் சாலையில் வெறுங்காலுடன் நின்றார். "தமிழை ஆட்சிமொழியாக்கு என்று டெல்லியில் கேட்டவர்டா" என்று மட்டும் சொன்னார். நெரிசலில் செருப்பு காணாமல் போனதால் வீடு வரை அப்படியே நடந்தார். அவரைப் பற்றி அப்பாவுக்கு வேறு என்னவெல்லாம் தெரிந்திருந்தது என்று நான் கேட்காமலே இருந்துவிட்டேன்.

நெல்லைக்காரன்:
வங்கி வேலையாகக் கேரளத்தின் மஞ்சேரியில் இரண்டாண்டுகள் இருந்தேன். என் ஊர் திருநெல்வேலி என்று அறிந்ததும் தேநீர்க்கடைப் பெரியவர் காசு வாங்க மறுத்துவிட்டார். 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் அந்த மலையாள மண் மக்களவைக்கு அனுப்பிய காயிதே மில்லத் எங்கள் நெல்லையின் பேட்டையில் 1896இல் பிறந்தவர் என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "அவர் பிறந்த வீடு இப்போதும் இருக்கிறதா?" என்று ஆவலுடன் கேட்டார். பேட்டைக்கு மிக அருகிலேயே வளர்ந்த என்னால் பதில் சொல்ல முடியவில்லை. விடுமுறையில் ஊருக்குப் போகும்போது விசாரித்து வருவதாகச் சொன்னேன், விசாரிக்கவில்லை. அதன் பிறகு அந்தக் கடை வழியாகப் போவதையே தவிர்த்தேன்.

பழைய மாணவர்:
திருவல்லிக்கேணி நண்பரின் தந்தையார் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆயினும் அவர் சொன்னதை அப்படியே ஏற்பதற்கில்லை. அதே வாசகத்தைப் பள்ளிப் பேச்சுப்போட்டியில் முழங்கி முதல் பரிசு வாங்கியவன் நான். பல ஆண்டுகளுக்குப் பிறகு அரசியல் நிர்ணய சபையின் 1949 செப்டம்பர் ஆட்சிமொழி விவாதத்தைப் படித்தபோது கை நடுங்கியது. காயிதே மில்லத் கொண்டுவந்த திருத்தம், தேவநாகரி, உருது ஆகிய இரு வரிவடிவங்களிலும் எழுதப்படும் இந்துஸ்தானியை ஆட்சிமொழியாக்குவது பற்றியது. காந்தியடிகளின் நிலையும் அதுவே. தொன்மைதான் அளவுகோல் என்றால் தமிழே, திராவிட மொழிகளே இம்மண்ணில் மூத்தவை என்பதையும், தமிழ் தம் தாய்மொழி என்பதையும் அதே உரையில் அவர் துணிந்து சொன்னார். முந்தையதை விட்டுவிட்டுப் பிந்தையதை மட்டும் மேடையில் முழங்குவது அவருக்குச் செய்யும் நன்மை ஆகாது. பிரிவினைக்குப் பிந்தைய அந்தச் சூழலில், 1948 மார்ச்சில் சென்னையில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கைத் தொடங்கித் தலைமையேற்றவர், அடுத்த ஆண்டே அந்த அவையில் உருது எழுத்துக்காகவும் தமிழின் மூப்புக்காகவும் ஒருசேர எழுந்து நிற்க எத்தனை நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும்! பிள்ளைகளைப் பேச்சுப்போட்டிக்கு ஆயத்தம் செய்யும் ஆசிரியர்கள் துணுக்குகளைக் கொடுக்காமல் உரை முழுவதையும் படிக்கச் செய்யுங்கள். இரண்டு பக்கமே ஆனாலும் அவர்களே குறிப்பெடுக்கட்டும்.

நெல்லை நண்பரே, ஓய்வு பெற்றிருந்தால் ஒருமுறை பேட்டைக்குப் போய் அந்த வீட்டைத் தேடிப் பாருங்கள். பெரியவர் இல்லாவிட்டாலும் கடையில் அவர் பிள்ளைகள் இருக்கக்கூடும்.

நெல்லைக்காரன்:
அடுத்த வாரம் போகிறேன், ஐயா.